கள்ளிவேலிக்கு வந்த அம்மை

பண்ணைப்புரத்துக்கு மேற்கே, காடு தொடங்குகிற இடத்தில் எங்களுக்கு இரண்டு குறுக்கம் மானாவாரி நிலம் இருந்தது. சுற்றிலும் சப்பாத்திக்கள்ளி வேலி, ஆள் உயரம். அந்த வேலி இருந்ததால்தான் காட்டுப்பன்றி வாயிலிருந்து எங்கள் கடலை தப்பித்தது. அந்த வருசம் அது தப்பித்தே ஆகவேண்டும். மலைமேல் எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்கிற கங்காணி என் வீட்டுக்காரரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "கடலை வீடு வந்து சேந்துட்டா நான் எதுக்குப் புள்ள மலையேறணும்?" என்று அவர் சொல்லியிருந்தார். மலையேறியவர்கள் குளிர்காய்ச்சலோடு திரும்பியதையும், சிலர் திரும்பியே வராததையும் எங்கள் தெரு பார்த்திருந்தது.

ஆவணியில், காட்டைப் பார்த்த மூலையில் நாலைந்து மட்டைகளில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பஞ்சைப் பிய்த்து ஒட்டிய மாதிரி, கொப்புளம் கொப்புளமாக. அவர் ஒன்றை நசுக்கினார். விரலெல்லாம் ரத்தம்! எங்கள் மகள் அம்மை கண்டு எழுந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"என்னமோ பூச்சி மாதிரி இருக்கு. இந்த மூலைய வெட்டித் தீய வச்சிருவோம்" என்று அவர் அரிவாளை எடுத்தார்.

"வெட்டாதீக! ஆத்தா எறங்கியிருக்கா. புள்ளைய விட்டுட்டு இங்கன வந்து உக்காந்திருக்கா. அவ மேல அருவாள வச்சீகன்னா திரும்பி நம்ம வீட்டுக்குத்தான் வருவா."

"கள்ளிக்கு அம்மையா?" என்று சிரித்தார். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். கொஞ்ச நஞ்ச அழுகையா? அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பிறகு நான் அடித்த கூத்தைச் சொல்ல வாய் கூசுகிறது. வீட்டில் தாளிப்பை நிறுத்தினேன். வீரபாண்டி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். தெருப் பெண்களைக் கூட்டிப்போய், வேப்பங்கொத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கி, வெள்ளை பூத்த மட்டைகளைத் தடவிக் கொடுத்தேன். மற்ற மட்டைகளையும் ஆத்தா குளிர்ச்சியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அதே கொத்தால் வேலி முழுக்கத் தடவிக்கொண்டே சுற்றி வந்தேன். மூன்று செவ்வாய்க்கிழமை இப்படி. என்னை மிஞ்சிய பக்தை உண்டா!

ஐப்பசிக்குள் வேலி முழுக்க வெள்ளை பூத்து, மட்டைகள் அழுகி, கொழகொழவென்று மண்ணில் சரிந்தன. வேலி மட்டுமா? காட்டோரமாக அடிவாரம் முழுக்க மண்டிக் கிடந்த கள்ளிப் புதர்களும் அப்படியே படுத்துவிட்டன. அதற்குள் பதுங்கி, அதன் பழத்தைத் தின்று கிடந்த பன்றிகள் வெளியே வந்தன. வேறு முள் வெட்டி அடைக்கலாமென்று காட்டுக்குள் போனால், பாரஸ்ட் கார்டு அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிட்டார். கடலை பறிக்க எட்டு நாள் இருந்தபோது பன்றிகள் கூட்டமாக வந்து நிலத்தையே உழுதுபோட்டன. ஒரு கூடைகூடத் தேறவில்லை. கார்த்திகையில் என் வீட்டுக்காரர் கங்காணி பின்னால் மலையேறினார்.

தை மாதம் விவசாய இலாகா அதிகாரி ஒருவர் எங்கள் பக்கம் வந்தார். வேலி இருந்த இடத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோசம். "அடடா, சுத்தமா முடிச்சிருச்சே!" என்றார். கள்ளியை ஒழிக்க வெள்ளைக்கார சர்க்காரே கடல் கடந்து கொண்டுவந்து விட்ட பூச்சியாம் அது. ரத்தமென்று நான் பதறியது அந்தப் பூச்சியின் சாயமாம். கள்ளியும் இந்த ஊர்ச் செடி இல்லையாம்.

"எங்க ஊருல யாரும் அதக் கொண்டாந்து விடலையே, அய்யா?"

"காத்துலயே வரும்மா. ஆனா இவ்வளவு சீக்கிரம் பரவாது. நாங்களே பூச்சி புடிச்ச மட்டைய நல்ல மட்டை மேல வச்சுத்தான் பரப்புறோம்."

வேப்பங்கொத்தும் கையுமாக நான் சுற்றி வந்தது கண்ணுக்குள் வந்து நின்றது. "மொதல்லயே அந்த மூலைய வெட்டி எரிச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"இந்த வெள்ளாமையாவது தப்பிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, நோட்டில் ஏதோ எழுதினார். அந்த ஆள்மேல் மண்ணை வாரித் தூற்றலாம் போல இருந்தது. தூற்ற எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சித்திரையில் என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கஞ்சியைக் கொடுத்துவிட்டு, அதிகாரி சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"பூச்சின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள. ஒண்ணு கையில ஊர்ந்துச்சு."

"பெறகு ஏன் வெட்டாம விட்டீக?"

"நீ அழுத."

கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். வைகாசியில், காய்ச்சல் முழுசாக விடுவதற்குள் மறுபடி மலையேறினார். ஆனியில் கங்காணி வந்து, அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னான். தெருவே கூடி அழுதது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பாவி மனுசன், அன்றைக்கு என்னை ஓர் அறை அறைந்துவிட்டு வெட்டியிருக்கக் கூடாதா?