பெரிய வெள்ளியன்று கேட்ட ஆர்கன்

பெரிய வெள்ளியன்று ஆர்கனை அமுக்கியது நான்தான். கை தவறிப் படவில்லை, வேண்டுமென்றேதான் அமுக்கினேன். அதை இன்றுவரை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை, சொல்லப்போவதுமில்லை.

திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயிலில் அத்தை இருபத்திரண்டு வருடம் ஆர்கன் வாசித்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமையானால் அந்தத் தேக்குப் பெட்டியின் முன்னால் இருப்பார். கல்யாணமோ சாவோ, கீழே இரண்டு பலகைகளையும் மாற்றி மாற்றி மிதித்தபடி வாசிப்பார். பக்கத்தில் அதே பெஞ்சில் நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது ஆறு வயது.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப்பேரவையின் தலைவர் மைக்கில் அறிவித்தார்: ஈஸ்டர் முதல் கீபோர்டு வாசிக்க மதுரையிலிருந்து ஒரு தம்பி வருகிறார், டீச்சர் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெறுகிறவருக்கே அந்தச் செய்தி அப்போதுதான் தெரியும். தலைவர் கையோடு பொன்னாடையும் கொண்டுவந்திருந்தார்.

“இந்த வெயில்ல போர்வை எதுக்குங்க? எனக்கென்ன குளுருதா?” என்று அத்தை அதைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். எனக்குத் தலைவரைக் கடித்து வைக்கலாம் போலிருந்தது.

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் ஆர்கனைப் பூட்டிவிடுவார்கள். துக்க நாட்கள் என்பதால் ஈஸ்டர் இரவு உயிர்ப்புப் பூசைவரை அது வாய் திறக்கக் கூடாது. மணிக்குப் பதில்கூட மரக்கட்டைதான். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் போய் உட்கார்ந்தால் மூடி திறந்து கிடந்தது. அத்தை பூட்ட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பாடுகளின் வாசகத்தில் ஆண்டவர் உயிர்விட்ட இடம் வந்ததும் எல்லாரும் முழந்தாளிட்டார்கள். முழங்கால் வலி என்று அத்தை மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. கோயிலே கப்சிப். நான் இரண்டு கைகளையும் விரித்து அமுக்கினேன். ஓட்டுக்கூரைப் புறாக்களெல்லாம் பறந்தன.

வழிபாடு முடிந்ததும் தலைவர் வந்தார். “பெரிய வெள்ளியில ஆர்கனா? யாரு அமுக்குனது?”

“நாந்தான்” என்றார் அத்தை.

“சாமியார்ட்ட மன்னிப்பு கேளுங்க டீச்சர்.”

“இருபத்திரண்டு வருசமா வாசிச்சேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. இன்னைக்குத்தான் அம்புட்டுப் பேரும் திரும்புனீங்க. மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்.”

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். என் பழியை அத்தை சுமந்துகொண்டாரே என்று வழியெல்லாம் அழுதேன். “ஏண்டி அழுகுற? நல்லாத்தான வாசிச்ச” என்று சர்பத் வாங்கிக் கொடுத்தார். ஈஸ்டருக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து, கீபோர்டையும் மிஞ்சிப் பாடினார்.

இடத்தை அடைக்கிறது என்று சென்ற வருடம் கோயிலில் அந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. போன வாரம் என் மகள் பெஞ்சில் ஏறி இரண்டு கைகளாலும் அமுக்கினாள்.

“அம்மா, சத்தமே வரல.”

மிதிக்காமல் காற்று எப்படி வரும் என்று காட்டுவதற்குக் குனிந்தேன். அவள் கால்கள் பலகைக்கு ஒரு முழம் மேலே ஆடிக்கொண்டிருந்தன. அவளுக்கும் ஆறு வயதுதான்.

அன்று நான் அமுக்கியபோது மிதித்தது அத்தை.