துண்டுக்குள் ஒரு கல்லூரி

என் அப்பா ஒரு மாடு வாங்க மூன்று வாரம் சந்தைக்குப் போவார். முதல் வாரம் தூர நின்று பார்ப்பார். இரண்டாம் வாரமும் அந்த மாடு வந்திருந்தால், விற்கிறவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவன் ஏன் விற்கிறான் என்று விசாரிப்பார். மூன்றாம் வாரம்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். அதற்குள் பாதி மாடுகளை வேறு யாராவது ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். "போனா போவுது, அது நம்ம மாடு இல்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். இப்படிப்பட்ட மனிதர் மகளுக்குக் கல்லூரி பார்க்கக் கிளம்பினால் என்ன ஆகும்? ஆனதைச் சொல்கிறேன்.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர். சம்பளம் கம்மி, கௌரவத்துக்குக் குறைவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ என்னைத் தேடி வந்து, "மேடம், படிக்க வெச்சா போட்ட காசு வருமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து ஒன்றிரண்டு பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம். கொஞ்சம் கரும்பு, மோட்டுக் கொல்லை என்று நாங்கள் சொல்லும் மேட்டு நிலத்தில் மரவள்ளி, கொட்டாயில் இரண்டு கறவை மாடு. அதில் ஒன்று செவலை. பால் நிறையக் கொடுக்கும். என்னைக் கண்டால் மட்டும் உதைக்கும். நான் பிளஸ் டூ முடித்த வருடம், தூரத்து ஊர் இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றின் வேன் எங்கள் தெருவுக்கு வந்து வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனது. அட்டையில் ஒரு பெண் மரத்தடியில் லேப்டாப்பை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேன் தெருமுனை திரும்புவதற்குள் நான் அந்த மரத்தடிக்குக் குடிபோய்விட்டேன்.

நாலு வருட ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்த்தால் மோட்டுக் கொல்லையை விற்றாக வேண்டும். அப்பா அந்தப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"எத்தினி ஈத்து கறக்கும் இது?"

"அப்பா, இது மாடு இல்ல."

"தெரியுது பாப்பா. மாடா இருந்தா பல்லயாவது புடிச்சிப் பாத்துடலாம்."

அம்மா அடுப்படியில் சிரித்தாள். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். அன்று நான் சாப்பிடவில்லை. பசி தாங்காமல் யாரும் பார்க்காத நேரத்தில் ரெண்டு வாழைப்பழம் தின்றது வேறு விஷயம்.

அதே கல்லூரியில் படித்த ஒருவர் வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுவதாக அப்பாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். போதாதா? "ஒரு எடத்துல மாடு வாங்கறதுக்கு முன்னாடி, அங்க ஏற்கனவே வாங்கினவன கேக்கணும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் நான் முகத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் பஸ் என்னை அப்பா மேலேயே சாய்த்தது.

டிரைவர் சாமை மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். சிரித்த முகம். படித்தது மெக்கானிக்கல்.

"படிப்பு மேல குத்தம் சொல்ல மாட்டேங்கண்ணா" என்றார். "வண்டி நடுமலையில நின்னா எவனயும் கூப்புட வாணாம். நானே எறங்கி பாத்துக்குவேன்."

"அதுக்கு நாலு வருசமா தம்பி?"

"அத கத்துக்கினது இங்க ஒர்க் ஷாப்புல, ஆறு மாசம். நாலு வருசத்துக்கு வாங்கின லோனத்தான் இன்னும் கட்டிக்கினு இருக்கேன்."

இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. கீழே வரும்போது, "ஒருத்தர வெச்சி முடிவு பண்ணாதப்பா" என்றேன். "அதுவும் சரிதான். ஒரு மாடு ஒதைச்சா சந்தையே ஒதைக்கும்னு சொல்லக் கூடாது. நேர்ல போயி பாத்துடலாம்" என்றார் அப்பா. அன்று நான் மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன்.

கல்லூரியில் நடந்ததைச் சொல்லுமுன் எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைக் கோத்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் கேட்கிற விலை. சுற்றி நிற்கிற ஒருவருக்கும் தெரியாது. ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கினால் பேரம் முடிந்தது. எதிராளியின் ஒரு விரலை உள்ளங்கைக்குள் மடக்கினால், "விட்டுடு, இது வேண்டாம்" என்று அர்த்தம். துண்டுக்குள் பேசியதைத் துண்டுக்கு வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம்.

கல்லூரி ஆபீஸில் டை கட்டிய ஒருவர் ஃபீஸ் விவரம் சொன்னார். பக்கத்து மேசையில் அவருடைய மேலதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்தார். "அப்பா, வாணாம்ப்பா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், டை கட்டியவரின் கையைப் பிடித்து மேசை மேலேயே துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. ரசீது எழுதிக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலதிகாரி, "என்னங்க இது?" என்று எழுந்தே விட்டார். டை கட்டியவர் மட்டும் கையை உதறவில்லை. "ஐயா, எங்க காலேஜ்ல ஃபீஸ் எல்லாம் ஃபிக்ஸட்ங்க. ஒரு ரூபா கொறைக்க முடியாதுங்க" என்று சத்தமாகச் சொன்னார். பெரியவர் மனம் நோகக் கூடாது என்று பொறுத்துக்கொள்கிறார், எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். என் காது இரண்டும் எரிந்தன.

அப்பா துண்டை எடுத்து மெதுவாகத் தோளில் போட்டார். டை கட்டியவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலில் நின்று, "இது வாணாம் பாப்பா" என்றார்.

"ஏன்?"

"வாணாம்."

எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பஸ் முழுக்கக் கேட்கும்படி, "உனக்கு மவள விட மோட்டுக் கொல்லதான் ஜாஸ்தி" என்று கத்தினேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவர் எதிரிலேயே அம்மாவிடம் சொல்வேன். அவரும் எனக்கான பதிலை அம்மாவிடம் சொல்வார். அம்மாதான் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தாள்.

கள்ளக்குறிச்சி அரசுக் கல்லூரியில் கணக்கில் சேர்ந்தேன். ஃபீஸ் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. முதல் வாரம் வேண்டா வெறுப்பாகப் போனேன். இரண்டாம் மாதம், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். பிடித்துப்போய்விட்டது. வீட்டில் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை, தோற்றதாக ஆகிவிடும் அல்லவா?

மூன்று வருடம் முடிந்தபோது சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருடம், ஹாஸ்டல், சாப்பாடு. அதே வாரம் டவுனில் ஒரு தனியார் பள்ளி டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டது. இந்த முறை மூன்று சந்தை பார்த்தவள் நான்தான். முன்னால் படித்தவர்களைக் கேட்டேன், செலவைக் கூட்டினேன், வரப்போகும் சம்பளத்தைக் கழித்தேன். போகக் கூடாது என்றுதான் விடை வந்தது. போக வேண்டும் என்று ஆசை தொண்டை வரை இருந்தது. அது எந்தக் கூட்டலிலும் சேரவில்லை.

மத்தியானம் கொட்டாயில் அப்பா தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "நான் வேலைக்கே போறேம்ப்பா. அந்தப் படிப்புல போட்ட காசு வராது" என்றேன்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு துண்டை எடுத்தார். "கைய நீட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீட்டினேன். துண்டு விழுந்ததும், சந்தை வழக்கப்படி அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து உள்ளங்கைக்குள் மடக்கினேன். விட்டுடுப்பா, வேண்டாம்.

அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கி காலேஜுல அந்த டை கட்ன புள்ளயும் இப்புடித்தான் மடக்கினான்" என்றார்.

"அவரா?" என்றேன்.

"வாயால ஃபீசு கொறைக்க முடியாதுன்னு சொல்லிக்கினே, உள்ள என் வெரல மடக்கினான். ரெண்டு வாட்டி. மாட்டுக்கார வூட்டுப் புள்ள போலக்குது. பக்கத்துல அவங்க மொதலாளி. பாவம், வேற எப்புடி சொல்லுவான்?"

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல? மூணு வருசமா உன்ன கஞ்சன்னு நெனச்சேனே."

"துண்டுக்குள்ள சொன்னத வெளிய சொல்லலாமா? அதும் உங்கிட்ட? நீ கோவத்துல நாலு பேருகிட்ட கத்துவ. அந்தப் புள்ள பொழப்பு போயிருக்கும்."

உண்மை. கண்டிப்பாகக் கத்தியிருப்பேன். அந்தக் கல்லூரியை இழுத்து மூடிப் பல வருடம் ஆகிவிட்டதால்தான் இப்போது இதைத் தைரியமாக எழுதுகிறேன். அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

"அது மடக்க வேண்டிய மாடு. இது அப்புடி இல்ல" என்று சொல்லி, நான் மடக்கிய விரலை அப்பா நீட்டிக்கொண்டார். பிறகு என் ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். அப்போது துண்டின் முனையில் இருந்த முடிச்சு ஒன்று என் மணிக்கட்டில் அழுத்தியது. உள்ளே நோட்டுக்கட்டு.

கொட்டாயைத் திரும்பிப் பார்த்தேன். செவலையைக் கட்டும் முளையில் வெறும் கயிறுதான் இருந்தது. என் கணக்கிலேயே மூழ்கி வந்ததில் அதைக் கூட நான் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாலே உதைக்கிற அந்த மாட்டுக்காக நான் ஓவென்று அழுதேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமயே வித்துட்டியாப்பா?"

"உன்ன கேட்டா மூணு வாரம் ஆவும்" என்றார் அப்பா. அன்று காலைதான் சந்தைக்கு ஓட்டிப் போயிருக்கிறார். முதலில் கை கொடுத்தவரிடமே விற்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பியிருக்கிறார்.