ஓலைக்கடியில் தகரம்

காத்தாயி வீட்டுக்குள் சமைப்பதில்லை. அடுப்பு வீட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் இருந்தது. மழை பெய்தால் அன்று அடுப்பே கிடையாது, பழைய கஞ்சிதான். சிறுவாச்சூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், பெரிய ரோட்டை ஒட்டிய பண்ணையாட்கள் தெரு அது. அந்தத் தெருவில் யாரும் அவளை ஏனென்று கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்தவர்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனம் ஊர் ஊராகக் கிளம்பிய வருஷத்துப் பங்குனி. களைவெட்டுக்கு வரச்சொல்லிப் பண்ணையிலிருந்து விடியலிலேயே குரல் வந்தது. அப்போது அடுப்பு வீட்டுக்குள்தான் இருந்தது. தணலை அவிக்காமல் ஓடினாள். வழக்கமாகப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். அன்று தர்மனுக்குக் காய்ச்சல். தூளியிலேயே விட்டுப் போனாள். காற்று கிளம்பியதும் கூரை பற்றியது. தெருவே ஓடிவந்து ஆட்டை அவிழ்த்துவிட்டது. பானை சட்டியை வெளியே எடுத்தது. பிள்ளை தாயோடு போயிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

எரிந்த சுவர்மேல் மறுபடியும் பனையோலைதான் வேய்ந்தார்கள். வேறு எதை வேய்வது? அந்தத் தெருவில் ஓடு போடக் கூடாது. அது எங்கும் எழுதிவைக்காத சட்டம். எழுதாததால் அடித்துத் திருத்தவும் வழியில்லை.

பட்டாள லாரிகளுக்காக ரோட்டுக்குத் தார் போட ஆரம்பித்தபோது காத்தாயி ஜல்லிக்கூடை சுமக்கப் போனாள். மேஸ்திரி சவரியார் ஏலாக்குறிச்சிப் பக்கத்து மாதா கோயில் வேதக்காரர். வாய் ஓயாமல் திட்டுவார். யாரையும் வேலையை விட்டு அனுப்பமாட்டார். நல்ல தார் பீப்பாய்கள் லாரியில் திரும்பிப் போயின. கிழிந்ததும் நசுங்கியதும் பள்ளத்தில் கிடந்தன. காத்தாயி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா காத்தாயி, தண்ணித் தொட்டி வைக்கப்போறியா?"

"கூரைக்குங்க மேஸ்திரி. தகரம் எரியாதில்ல?"

சவரியார் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். "எடுத்துக்க" என்றார்.

மூடியையும் அடியையும் உளியால் வெட்டியெடுத்து, பக்கத்தில் ஒரே கீறலாகக் கீறி விரித்தால் ஒரு பீப்பாய் ஒரு தகடு. ஆனால் தகடு சுருண்டுகொள்ளும். அதற்கு வழி கண்டவரும் சவரியார்தான். சாப்பாட்டு நேரத்தில் ரோடு எஞ்சின்காரரிடம் சொல்லித் தகடுகள்மேல் உருளையை ஓட்டச் செய்தார்.

"வெள்ளைக்காரன் சண்டை போட எஞ்சினு குடுத்தான். நீ அதுல அப்பளம் போடுறே" என்றார்.

தட்டையான தகட்டில் உள்பக்கம் முழுக்கத் தார். அரிவாளால் சுரண்டினாள், மணல் போட்டுத் தேய்த்தாள். தார் கைக்கு வந்ததே தவிர தகட்டை விடவில்லை.

"இதோட மேல ஏத்தினா ஓல எவ்வளவோ தேவல" என்றார் சவரியார். "ஒரு பொறி போதும், தீவட்டியாட்டம் எரியும். தீயில காட்டித் தார எரிச்சிடணும்."

"நான் கொளுத்தணுங்களா?"

"உன் புருசன வரச்சொல்லு."

புருஷன் மதுரைவீரன் பண்ணை மாட்டுக்காரன். வந்தான். சுள்ளியைக் குவித்தான். தீக்குச்சியை எடுத்தவன் அவளைப் பார்த்து நின்றுவிட்டான். அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எரியாத கூரைக்காக அவள் மூட்டிய தீயின் கரும்புகை வெகுதூரத்துக்குத் தெரிந்தது. கடைசித் தகடு வெளுக்கும்வரை அவள் முகத்தைத் திருப்பவில்லை.

சண்டைக் காலத்தில் ஆணி கிடைக்காது. உடைந்த கள்ளிப்பெட்டிகளில் பிடுங்கிய ஆணிகளைக் கல்லில் தட்டி நிமிர்த்திக் கூரையை அடித்து முடித்தார்கள். உள்ளே அடுப்புக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தபோது பெரிய பண்ணை கூப்பிடுவதாக ஆள் வந்தது.

"ஓடு போடக் கூடாதுன்னு தெரியுமில்ல?" என்றார் பண்ணைக்காரர்.

"ஓடு இல்லீங்களே ஆண்ட. தகரம்."

நியாயம் பேச வந்த பெரியவர்களுக்கு இது சிக்கலாகிவிட்டது. எரியாதது எல்லாம் ஓட்டுச் சாதிதான் என்றார் ஒருவர். பீப்பாய் என்பது பாத்திரம், பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்தால் கூரை ஆகாது என்றார் இன்னொருவர். வெற்றிலை தீர்ந்ததும் தீர்ப்பு வந்தது. தகரம் இருக்கட்டும், மேலே ஓலை வேய்ந்துவிட வேண்டும்.

"ரோட்டுல போறவன் பாத்தா ஓல வூடாத் தெரியணும். அம்புட்டுதான்."

இரக்கமான தீர்ப்பு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எரியாத கூரைக்கு எரிகிற சட்டை மாட்டியாயிற்று. வீடு குளுகுளுவென்று இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. மதுரைவீரனுக்குத் தீர்ப்பு மனசுக்குள் பிடித்தே போயிற்று. காத்தாயி குழைத்த மண்ணை அள்ளி வெளியே கொட்டினாள். அடுப்பு வேம்படியிலேயே இருந்தது. கோடையில் சாயங்காலம் தோறும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கூரையை நனைத்தாள்.

"தகரத்துக்குத் தண்ணி ஊத்துற ஆளு உலகத்துலயே நீதான் புள்ள" என்றான் மதுரைவீரன்.

"தகரத்துக்கா ஊத்துறேன்?"

சண்டை முடிந்த வருஷம் பண்ணையின் மாட்டுக்கொட்டகை தீப்பிடித்தது. யார் பீடியோ. மதுரைவீரன் உள்ளே பாய்ந்து கயிற்றை அறுத்தும் ஒரு ஜோடி உழவுமாடு போயிற்று. பண்ணைக்காரர் ரெண்டு வேளை சாப்பிடவில்லை. காத்தாயியை வரச்சொன்னார். அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். அந்தக் கலக்கத்தில் பொய் இல்லை.

"வாயில்லா ஜீவன், காத்தாயி. கட்டிப்போட்ட எடத்துல நின்னு வெந்திருக்கு. உன் வூட்டுல போட்ட மாதிரி தகரம் போட்டுக் குடு."

"போட்டுடலாங்க ஆண்ட."

அவள் நகரவில்லை.

"இன்னும் என்னா?"

"மேல ஓல வேயணுங்களா?"

"மாட்டுக்கு எதுக்கு ஓல?" என்றவர், சொன்ன பிறகுதான் அவளைப் பார்த்தார். அவள் குனிந்த தலை நிமிராமல் நின்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொட்டகையை முடித்த மறுநாள் காத்தாயி தன் கூரைமேல் ஏறி ஓலையைப் பிடுங்கிக் கீழே தள்ளினாள். பண்ணைக் காரியக்காரர் வேகமாக வந்தார்.

"யாரைக் கேட்டு எடுக்குற?"

"மாட்டுக்கு ஓல வேண்டாம்னு ஆண்டதாங்க சொன்னாங்க" என்றாள் மேலிருந்தே. "மாட்ட விட நாங்க ஒசத்தியாங்க?"

காரியக்காரர் யோசித்தார். ஆம் என்றால் ஓலை வேயச் சொல்லலாம், ஆனால் பண்ணையாளை ஒசத்தி என்று ஒப்புக்கொண்டதாகும். இல்லை என்றால் தகரம் நிற்கும். எது சொன்னாலும் பண்ணையிடம் பேச்சு வாங்க நேரும் என்று தோன்றியதோ என்னவோ, வந்த வழியே போனார். மாட்டுக்கு ஆனது மனுஷனுக்கும் ஆகலாம் என்று அந்த ஊர் இறங்கிவந்தது அப்படித்தான். யாரும் தீர்ப்பு என்று எதையும் சொல்லவில்லை.

மறுபடியும் மண் குழைத்தாள். தூளி தொங்கிய மூலையை விட்டு எதிர்மூலையில் அடுப்புப் போட்டாள். முதல் நாள் சுள்ளியை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பற்றவைத்தாள். தீ நிமிர்ந்து எரிந்தது; மேலே தகரம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"வேவுதே புள்ள" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியேறினான் மதுரைவீரன். வேம்படியில் பழைய அடுப்பு இருந்த இடத்தில் சாக்கை விரித்துப் படுத்தான்.

ஐப்பசி மழை தகரத்தில் விழுந்து காதைப் பிளந்தபோதுதான் நனைந்துகொண்டு உள்ளே வந்தான். பிறந்த ஊரிலிருந்து சாவுச் சேதி வந்திருந்தால்கூட அந்தச் சத்தத்தில் கேட்காது. காத்தாயி ஏதோ சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. அவள் கையைக் காட்டினாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.