முதுகுகளின் படம்

எனக்கு மிகவும் பிடித்த ஓவியம் எது என்று யாராவது கேட்டால், கிழிந்த பாய்மரத் துணியில் கப்பல் பெயிண்டால் வரைந்த ஒரு படம் என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் அதைப் பார்த்ததில்லை.

வரைந்தவள் என் சித்தி. சித்தப்பா ரங்கூனில் வேலையாக இருந்ததால், அவள் ராயபுரத்தில் எங்களோடு இருந்தாள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையலுக்குப் பூ வரையக் கற்றுக்கொண்டவள். பூவை விட்டு மனிதர்களை வரையத் தொடங்கியதை அம்மா ஒரு கெட்ட பழக்கமாகவே நினைத்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் நைனாதான், டப்பாக்களின் அடியில் ஒட்டிக் கிடக்கும் பெயிண்டைக் கொண்டுவந்து கொடுப்பார். சாம்பல், கறுப்பு, எப்போதாவது துருச் சிவப்பு.

ஓர் ஐப்பசியில் காற்று திடீரென்று திரும்பிக்கொண்டது. விடியலில் போன கட்டுமரங்கள் வரவில்லை. குப்பத்துப் பெண்கள் கரையில் போய் நின்றார்கள். சித்தியும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றாள். பொழுது சாய்வதற்குள் எல்லா மரங்களும் வந்து சேர்ந்துவிட்டன. சித்தி வரைந்ததோ, அவை வராமல் இருந்த நேரத்தை.

படத்தில் கட்டுமரமே கிடையாது. கடலும் மேலே ஒரு சாம்பல் கோடுதான். மீதி முழுக்கப் பெண்களின் முதுகு. சேலைகள் ஒரே பக்கமாக இழுபடுகின்றன. ஒருத்தி அவிழ்ந்த கூந்தலைக் கையில் சுருட்டிப் பிடித்திருக்கிறாள், முடியக்கூடத் தோன்றாமல். நடுவில் சிவப்புச் சேலைக்காரி. அவள் குதிகால்கள் மணலில் புதைந்திருக்கின்றன. கடலில் இல்லாத காற்றெல்லாம் அந்த முதுகுகளில் இருக்கும். அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த அதற்கு எதிரே உட்கார்ந்துதான் நான் சாப்பிடுவேன். சோறு ஆறிப்போய் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

தம்பியின் ஞானஸ்நான விருந்துக்கு நைனாவின் ஹெட்கிளார்க் வருவதாக இருந்தது. கூடத்துச் சுவரில் உப்புக் காற்றுக்குச் சுண்ணாம்பு உதிர்ந்து பெரிய வடு. அதை மறைக்கப் போதுமான அகலத்தில் வீட்டில் வேறொன்றும் இல்லாததால், சித்தியின் படம் கூடத்துக்கு வந்தது.

ஹெட்கிளார்க் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். "பேஷ்! யார் போட்டது இது?"

வீட்டுப் பெண் போட்டது என்று சொல்ல நைனாவுக்கு நாக்கு எழவில்லை. "யாரோ ஒரு பெயிண்டர் சார். கப்பல்ல வந்தவன்."

"என் வீட்டு ஹாலிலே மாட்டினா எடுப்பா இருக்குமே."

"எடுத்துகினு போங்க சார். தாராளமா."

சித்தி கையில் அகப்பையோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். நான் ஓடிப்போய் அவளை உலுக்கினேன். "நீ போட்டதுன்னு சொல்லு சித்தி!" அவள் என் வாயைப் பொத்தினாள். ஹெட்கிளார்க்கோடு வந்திருந்த பியூன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான், கொல்லையில் விருந்துக்கு வஞ்சிரம் அரிந்துகொண்டிருந்த மீன்காரம்மா தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். எப்போதும் வாசலோடு வியாபாரத்தை முடித்துக்கொண்டு போகிறவள். அந்தப் படத்தை அதுவரை பார்த்ததில்லை. கையெல்லாம் செதில். பியூனை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா அண்ணாத்தே, இத்த எங்க எடுத்துகினு போறாங்கோ? என் முதுகு கீது இதுல!"

"என்னது?" என்றார் ஹெட்கிளார்க்.

"தோ, சேப்புச் சேலை. அது நான்தான் சாமி. இந்த வூட்டுத் தங்கச்சி அன்னிக்கு எம் பின்னாடி நின்னுகினு இருந்துச்சு. அதான் போட்டுகீது. வேற யாருக்குத் தெரியும்?"

நைனா தரையைப் பார்த்தார். ஹெட்கிளார்க் சித்தியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி சித்தியைப் பார்த்தார். "ஓகோ, வீட்டுப் பெண்பிள்ளை கைவேலையா? பரவாயில்லை, பொழுது போகணுமில்லையா" என்றார். பியூன் படத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தான். அதன் பிறகு அவர் பாயசத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார். மீன்காரம்மாவுக்குப் பயந்துதான் படத்தை விட்டுவிட்டார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அவள் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதைக்கு அளவே இல்லை.

விருந்தாளிகள் போன பிறகு மீன்காரம்மா கை கழுவி வந்து, படத்தை நேராகத் திருப்பி, அதற்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சித்தி மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா, உன் முதுக நீ எப்ப பார்த்தே? எப்டி அது நீதான்னு சொன்னே?"

"முதுக எங்க பாக்குறது?" மீன்காரம்மா யோசித்தாள். பிறகு கையைத் தோளுக்குப் பின்னால் வளைத்து, எட்டிய மட்டும் தொட்டுக் காட்டினாள். "அன்னிக்கு எனக்கு இங்கதான் குளுரு எடுத்துச்சு தங்கச்சி. மத்த எடமெல்லாம் வேர்வ, இங்க மட்டும் குளுரு. யார்கிட்டயும் சொல்லல. தோ, நீ அந்த எடத்துல கறுப்பு வச்சிகீறே."

சித்தி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து கொல்லைக்குப் போனாள். கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஹெட்கிளார்க் படத்தை எடுத்துக்கொண்டு போகாத ஏமாற்றம் அவளுக்கு என்று நினைத்தேன். பின்னாலேயே போய் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "அழாத சித்தி. அடுத்த தபா மூஞ்சி தெரியுறாப்ல போடு. கண்டிப்பா எடுத்துகினு போவாரு" என்று தேற்றினேன்.

அழுகைக்கு நடுவே சித்தி சிரித்துவிட்டாள். மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் யோசனை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.