கடலில் இறக்கம் இல்லை

ஞானசேகரத்தின் கடையும் என்னுடைய வெல்டிங் கடையும் சாம்பல்தீவுச் சந்தியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு தகரம்தான் மறைப்பு. அவன் போட் எஞ்சின் திருத்துகிறவன். சல்லியிலிருந்து புல்மோட்டை வரைக்கும் யாருடைய வள்ளம் கடலில் நின்றாலும் எஞ்சின் அவனிடம்தான் வரும். மூடியைக் கழற்றுமுன் புறங்கையை எஞ்சினில் வைத்துப் பார்ப்பான், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. வாய் திறப்பது குறைவு. அவனோடு கதைப்பதும் நங்கூரத்தோடு கதைப்பதும் ஒன்று என்று மீன்காரர் பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்டவன் வாய் திறந்து சொல்லியே ஆகவேண்டிய ஒரு காரியம் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

அவனுடைய அண்ணன் பேரின்பம் ஒரு ரேஸ் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். எழுபதுகளில் செய்த யப்பான் சைக்கிள், பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுகிற சாதி. றோட்டு இலக்கம் எடுத்த சைக்கிளைத்தான் அவர் லைட்டு, கோர்ன், ஸ்டாண்ட், உதைகம்பி எல்லாம் கழற்றி ரேசுக்கு ஆக்கியிருந்தார். தள்ளிக்கொண்டு ஓடித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஒரு போட்டியில் நேர் ஓட்டம் முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் விழுந்தார். தொடை எலும்பு போனது. அந்தக் காலோடு அவர் பிறகு கடலுக்குப் போகவில்லை. மனைவி கமலாதேவி அக்காதான் கருவாடு போட்டு வீட்டை இழுத்தா. "நான் வேகத்தைக் குறைச்சுத்தான் வந்தனான்" என்று பேரின்பம் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை, பொய் சொல்லுறார் என்று ஏசினா. அவர் நெஞ்சு நோவில் போன பிறகும் சைக்கிள் வள்ளக் கொட்டிலில் பழைய வலைக்குக் கீழே கிடந்தது.

மகன் விதுசனுக்குச் சீனக்குடாப் பக்கம் ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. விடியற்காலை வேலைமுறைக்கு முதல் பஸ்சும் உதவாது. வாகன இறக்குமதியை நிறுத்தின நாளிலிருந்து ஓட்டை ஸ்கூட்டிகூட எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டவில்லை. அப்பாவின் சைக்கிளை றோட்டுக்கு ஆக்கித் தாருங்கள் என்று அவன் சித்தப்பாவிடம் வந்து நின்றான். ஞானசேகரம், தாயிடம் கேட்டு வரச் சொன்னான். மறுநாள் அக்காவே கடைக்கு வந்தா.

"தம்பி, அது இனி ரேஸ் ஓடக் கூடாது. வேலைக்குப் போக மட்டும்தான் வேணும். அப்பிடிச் செய்ய ஏலுமெண்டா செய்யுங்க."

"ஏலும் மச்சாள்" என்றான்.

வேலை தொடங்கியது. நான் ஸ்டாண்டும் லைட்டைத் தாங்கும் இரும்புக் கட்டும் வெல்டிங் பண்ணிக் கொடுத்தேன். கழற்றின உதைகம்பி கொட்டிலில் மீன் பெட்டிக்குள் கிடந்தது. ஒரு பழைய போட் எஞ்சினின் சுருளை வைத்து லைட்டுக்குக் கரண்ட் எடுத்தான். குனிந்து பிடிக்கிற கைபிடியை எடுத்துவிட்டு உயர்ந்தது பூட்டினான். சைலன்சரும் வந்தது. சிலிண்டரைத் திறந்தபோது உள்ளே கீறல் கீறலாக இருந்தது. கிடந்து துருப்பிடித்தது என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம். அவன் மெல்லிய அரத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு வேறு பிஸ்டன் போட்டான்.

பிறகுதான் வேகத்தைக் கட்டுகிற வேலை. பின் சில்லுக்குப் பெரிய பல்சக்கரம் போட்டான். எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சில்லு மெதுவாகத்தான் சுற்றும். காபரேற்றருக்குள் அக்சிலேற்றர் பாதிக்கு மேல் திறக்காதபடி ஒரு பித்தளை வளையத்தை இறக்கினான். அக்காவைக் கூப்பிட்டு, அவவின் கையாலேயே முறுக்கிப் பார்க்கச் சொன்னான். அக்கா முறுக்கினா. பாதியில் நின்றது. இன்னொரு தரம் பலமாக முறுக்கினா. நின்றது. ஒன்றும் சொல்லாமல் போனா. அவவின் சம்மதம் அப்படித்தான் வரும்.

விதுசனுக்கு ஞானசேகரம் சொன்ன புத்தி ஒன்றுதான். பிறேக் பழசு, அதை நம்பாதே, இறக்கம் வந்தால் பஸ்காரர் மாதிரிக் கியரைக் குறைத்து, அக்சிலேற்றரை மூடிக்கொண்டு வா.

பெடியன் வேலைக்குப் போய் வந்தான். சீனக்குடாவுக்கு ஏற்ற இறக்கமில்லாத தரையான றோட்டு, கரைச்சல் இல்லை. சைக்கிள் சந்தியைத் தாண்டும்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் ஞானசேகரத்தின் ஸ்பனர்ச் சத்தம் நிற்கும். சைக்கிள் சத்தத்தைக் கேட்டு முடிந்த பிறகுதான் திரும்பத் தொடங்கும்.

ஒருநாள் பின்னேரம் கூட வேலை செய்கிற ஒருவரை உவர்மலையில் இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறான். இறக்கத்தில் பின் சில்லு அப்படியே இறுகிப் பிடித்தது. சைக்கிள் ஒரு பக்கம், பெடியன் ஒரு பக்கம். காறை எலும்பு உடைந்து, முழங்கை தோலில்லாமல் போனது. கீழே இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் அவன் பறந்து வந்ததாகச் சொன்னார், சத்தம் அப்படிக் கேட்டதாம். அந்தக் கதை ஆஸ்பத்திரிக்கு எங்களுக்கு முதலே போய்விட்டது.

விதுசன் கட்டிலில் கிடந்து தாயிடம், "நான் வேகத்தைக் குறைச்சுத்தான் வந்தனானம்மா" என்றான்.

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தா. "அதே வாய்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் மர வாங்கில் உட்கார்ந்தா. வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியிருக்கிறான் என்பது அவவின் முடிவு. சொந்தம் எல்லாருக்கும் அதுதான் முடிவு. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான்.

பெடியன் வீட்டுக்கு வந்த பிறகும் அக்கா அவனோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவா. "சித்தப்பா, நீங்களாவது நம்புறீங்களா?" என்று அவன் கேட்டானாம். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்று ஞானசேகரம் என்னிடம் சொன்னான். அன்றைக்கே சைக்கிளை என்னுடைய லான்ட்மாஸ்டர் உழவு மிசின் பெட்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தோம்.

காபரேற்றரைத் திறந்தான். வளையம் வைத்த இடத்திலேயே இருந்தது, கை பட்ட அடையாளமும் இல்லை. சிலிண்டரைக் கழற்றப் பார்த்தான், வரவில்லை. மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தோம். பிஸ்டன் கீறிக் கிழிந்து சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. விரலை உள்ளே விட்டுத் தடவினான். காய்ந்து கிடந்தது, எண்ணெய்ப் பசை ஒரு பொட்டும் இல்லை.

"எண்ணெய் கூடத்தான் கலந்து ஊத்தினனான்" என்றான். பிறகு நெடுநேரம் அந்தப் பிஸ்டனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். நான் ஒரு கேட்டுக்குக் கம்பி வெட்டி முடித்துவிட்டு வந்தேன், அப்போதும் அப்படியே. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. "மச்சாளிட்ட போவம், நீயும் வா" என்றான். எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் போனேன்.

அக்கா முற்றத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தா. அவன் பையிலிருந்து வளையத்தையும் பிஸ்டனையும் எடுத்துக் கதிரையில் வைத்தான்.

"மச்சாள், அவன் கழற்றேல்ல. வேகமா ஓடவும் இல்ல. நான் சொன்னபடிதான் வந்தவன். நான் சொன்னதுதான் பிழை."

அக்கா அடுத்த கருவாட்டைத் திருப்பினா. அவன் விடாமல் சொன்னான். இவ்வளவு நீளமாக அவன் கதைத்து நான் கேட்டதில்லை.

"கடலில இறக்கம் இல்ல மச்சாள். அக்சிலேற்றரை மூடினா எஞ்சினும் அடங்கும், வள்ளமும் அடங்கும். எனக்கு அதுதான் தெரியும். றோட்டில அப்பிடி இல்ல. இறக்கம் சைக்கிளைத் தள்ளும், சில்லு எஞ்சினைச் சுத்த வைக்கும். நான் போட்ட பல்சக்கரத்தால எஞ்சின் இன்னும் கூடச் சுத்தும். அக்சிலேற்றர் மூடியிருந்தா பெற்றோல் வராது. பெற்றோலோடதானே எண்ணெயும் வாறது. எண்ணெயில்லாமல் சுத்தி இறுகிப் போச்சு. அந்த மனிசன் கேட்டது எஞ்சின் கத்தின சத்தம்தான், வேகமா ஓடின சத்தம் இல்ல."

அக்கா கையைத் துடைத்தா. "அப்ப அவன் பொய் சொல்லேல்ல."

"இல்ல."

பிஸ்டனை எடுத்துப் பார்த்தா. கீறலின் மேல் விரலை வைத்தா. வீட்டுக்குள் விதுசன் கட்டிலில் எழும்புகிற சத்தம் கேட்டது.

"உங்கட அண்ணனும் வளைவுக்கு வேகம் குறைக்கேக்கதானே விழுந்தவர்?"

ஞானசேகரம் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம், அவனை யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் மறைக்காமல் சொன்னான்.

"அந்த நேரம் எஞ்சினை ஒருத்தரும் திறந்து பாக்கேல்ல மச்சாள். எல்லாரும் காலைத்தான் பாத்தம். இந்த முறை திறக்கேக்க உள்ளுக்குக் கீறல் இருந்தது. துரு எண்டு நினைச்சு நான்தான் தேய்ச்சு அழிச்சனான். துருவோ, இதுவோ, இனிச் சொல்ல ஏலாது."

"அவரைச் சாகும்வரைக்கும் ஏசினனான் தம்பி" என்று அக்கா சொன்னா. அழவில்லை. பிஸ்டனைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போனா. மகனிடம், "நோகுதா?" என்று கேட்டது முற்றத்துக்குக் கேட்டது. நாங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

சைக்கிள் இன்னும் ஞானசேகரத்தின் கடையில் நிற்கிறது. எண்ணெய்க்கு வேறாக ஒரு பம்ப் பூட்டினால், அக்சிலேற்றர் மூடியிருந்தாலும் எஞ்சின் சுற்றுகிற அளவுக்கு எண்ணெய் போகும் என்கிறான். அந்தப் பம்பைத் தாங்கக் கட்டு வேண்டும் என்று அளவு தந்தான். நான் தகட்டை வெட்டி வைத்துவிட்டேன். வெல்டிங் பண்ணட்டுமா என்று கேட்டால், மச்சாள் சொல்லட்டும் என்கிறான். அக்கா இன்னும் சொல்லவில்லை. பழைய இரும்புக்காரனுக்குக் கொடு என்றும் சொல்லவில்லை. விதுசன் கையைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு, கை ஆறும்வரை கொடுத்த பகல் முறைக்குப் போக பஸ்சுக்கு நிற்கிறான். ஞானசேகரம் இப்போது எந்த எஞ்சினைத் திறந்தாலும், தேய்க்குமுன் என்னைக் கூப்பிட்டு, "இதை ஒருக்காப் பார்" என்கிறான்.