என் கைக்கு வந்த சிவப்புப் பூ

போன மாசி மாதம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் ஒரு கிராமம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக நானும் கண்டமங்கலத்துத் தோழியும் சவுக்குத் தோப்பு, முந்திரித் தோப்பு, அம்மன் கோயில் காடு மூன்றிலும் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சவுக்கில் காக்காயையும் கரிச்சானையும் விட்டால் ஆளே இல்லை. முந்திரியில் கொஞ்சம் தேவலை. கொண்டைக்குருவி, செம்போத்து எல்லாம் தென்பட்டன. கோயில் காட்டில்தான் கொண்டாட்டம்! அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். முள் குத்தக் குத்த நின்றிருந்தபோது தோழி என் கையைக் கிள்ளினாள்.

"அடியே, அசையாத! புதர்க்குள்ள பாரு, ஆறுமணிக் குருவி!"

பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் சிவப்பு. சருகைக் கிளறி இரை தேடிக்கொண்டிருந்தது. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுகிற பறவை. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் கோயில் தர்மகர்த்தா, அரிவாளோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பங்குனித் திருவிழாவுக்குப் பொங்கல் வைக்க இடம் வேண்டுமாம், புதரையெல்லாம் வெட்டப்போகிறார்களாம். வேண்டாம் என்று கெஞ்சினோம்.

"என்னாம்மா பேஜாரு பண்றீங்க? மரத்தையா வெட்டறோம், புதர்தான?"

"ஐயா, சவுக்குத் தோப்புலயும்தான் மரம் இருக்குது. அடியில புதர் இல்ல. அதான் இந்தக் குருவிய அங்க ஒரு நாளும் பாக்கல," என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு எதுக்கு வம்பு? ஆத்தாவையே கேட்டுடலாம்."

அந்த ஊரில் எதுவானாலும் அம்மனிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் வெட்டக் கூடாது, சிவப்பு வந்தால் வெட்டலாம். பூசாரி இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டுவிட்டு, "நீயே எடும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டார்! பரீட்சைக்குக்கூடச் சாமி கும்பிடாத நான், "தாயே, தாயே" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். பிரித்தால், சிவப்பு அரளி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர்கள் அரிவாளோடு புதரை நெருங்கினார்கள். பொழுது சாய்கிற நேரம். உள்ளேயிருந்து கணீரென்று இரண்டு விசில். முன்னால் போன தர்மகர்த்தா சட்டென்று நின்றார். குருவி தத்தித் தத்தி அவர் எதிரிலேயே வந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, திரும்பவும் புதருக்குள் ஓடிவிட்டது. அவர் கையை நீட்டி எல்லோரையும் தடுத்தார்.

"என்னாங்க, ஆத்தாவே சொல்லிட்டாளே?" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. எனக்குத்தாம்பா மனசு வரல. பொங்கல ரோட்டோரமா வெச்சுக்கலாம், வாங்க."

தோழியும் நானும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் காலில் ஏறிய முள்கூடத் தெரியவில்லை.

ஒரு காட்டில் பறவை ஏன் அதிகம், இன்னொன்றில் ஏன் குறைவு என்று ப்ராஜெக்டில் எத்தனையோ காரணம் எழுதினேன். ஆனால் சாமியே சரி என்று சொன்ன பிறகும் வெட்ட மனசு வராமல் திரும்பிய அந்த மனிதரைத்தான் இன்றைக்கும் எந்தக் காட்டுக்குள் கால் வைத்தாலும் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.