மாடிக் கதவுக்கு ஒரு வாசகம்

"மன்னிக்கவும், இந்த வசதியைப் பயன்படுத்த..." என்று உரக்கப் படித்துவிட்டு நிறுத்துகிறார் பூட்டண்ணா. தலையை ஆட்டிக்கொள்கிறார். "ம்ஹூம். வாட்ச்மேன் விரட்டுற மாதிரி இருக்கு." அழித்துவிட்டு மறுபடியும் தட்டுகிறார். பக்கத்து மேசைக்காரர்கள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வரி சரியாக வரும்வரை இந்தப் பாராயணம் ஓயாது என்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். முகத்துக்கு நேரே என்றால் பூட்டண்ணா. சின்ன ஆஸ்பத்திரிகளும் கடைகளும் தங்கள் விவரங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் செய்கிற நிறுவனம் அது. அதில் ஒரு பதிப்பு இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பிரித்துப் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். இன்னொன்று பெரிய கம்பெனிகளுக்கு, கூடுதல் வசதிகளோடு, கட்டணத்தோடு. முதலாவதற்குக் கீழ்வீடு என்றும் இரண்டாவதற்கு மாடி என்றும் அலுவலகத்தில் பேச்சு. ஒரு வசதி கட்டணப் பதிப்புக்குப் போய்விட்டால் "மாடி ஏறிடுச்சு" என்பார்கள். ஏறியதற்கெல்லாம் கதவு வைத்துப் பூட்டுப் போடுவது இவர் வேலை.

கட்டணம் கட்டாதவர் அந்தப் பொத்தானை அமுக்கினால் திரையில் ஒரு வாசகம் வரும். அதை எழுதச் சொல்லி யாரும் இவரைக் கேட்கவில்லை. முன்பு அங்கே "அனுமதி இல்லை" என்று மொட்டையாக இருந்தது. "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இப்படியா பேசுவாங்க?" என்று சண்டை பிடித்து மாற்றினார். அந்த வாசகத்தின் பணிவைப் பார்த்தே ஒரு கடைக்காரர் கட்டணம் கட்டிவிட்டாராம். வேலைக்குப் புதிதாகச் சேருகிற எவரும் இந்தக் கதையைக் கேட்காமல் முதல் நாள் மதியச் சாப்பாட்டை முடித்ததில்லை. பெருமை கொஞ்சம் ஜாஸ்திதான்.

உலகத்துக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவர், தன் ஸ்கூட்டர் சாவியை ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டு வருவார். "இவரை நம்பிப் பூட்டைக் குடுத்தவங்களை நான் ஒருநாள் பார்க்கணும்" என்பது அவர் மனைவியின் நெடுநாள் ஆசை. டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார். ஆறிப்போச்சே என்று அலுத்துக்கொண்டேதான் குடிப்பார்.

பூட்டுகளோடு அவருக்குச் சண்டை கிடையாது. "மாடி வாடகையிலதான் கீழ்வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். இதுல என்ன வெட்கம்?" என்று கேட்பார். போன வாரம் வரை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் மேலாளர் அவர் மேசைக்கு வந்தார். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தம்மாள் பதவியில் மேலே போனார். இவர் இதே நாற்காலியில் தங்கிவிட்டார். அடுத்த பதிப்பில் இன்னொரு வசதி மாடி ஏறுகிறது என்றார் மேலாளர். விவரங்களுக்கு பேக்கப், அதாவது ஒரு நகல், எடுத்து வைப்பது எப்போதும்போல இலவசம். கணினி படுத்துவிட்டால், எடுத்து வைத்ததைத் திரும்பக் கொண்டுவருவதற்கு மட்டும் கட்டணம்.

"எடுத்து வைக்கிறதுக்கு வாங்குங்க மேடம், வேண்டாங்கல. திருப்பிக் குடுக்கிறதுக்கு வாங்காதீங்க. அது அவங்க சாமான்."

பூட்டண்ணாவுக்குக் கோபம் வந்தால்தான் வாயில் மேடம் வரும். மேலாளருக்கும் அது தெரியும்.

"மேல முடிவு பண்ணிட்டாங்க. பழைய பதிப்பு அப்படியே கிடைக்குமே, அதை யாரும் பிடுங்கலையே?"

"பழசுல நாளைக்கு ஒரு ஓட்டை விழுந்தா யாரு அடைப்பா?"

அவர் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. திரும்பக் கொண்டுவருகிற அந்தப் பகுதியை எழுதியது நிறுவனத்து ஆளே இல்லை. எங்கேயோ இருக்கிற ஒரு பல் டாக்டர், நோயாளிகள் வராத மதியங்களில் உட்கார்ந்து, தனக்கு உதவியது மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதி அனுப்பியது. பிழை திருத்துகிற சாக்கில் இருவரும் வருஷக்கணக்காகக் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். முகம் பார்த்ததில்லை. "நம்ம டாக்டர்" என்றுதான் பூட்டண்ணா சொல்வார்.

"எழுதிக் குடுத்தப்பவே உரிமையையும் குடுத்துட்டாரு. சட்டப்படி சரிதான்" என்றார் மேலாளர்.

"சட்டப்படி சரி. அவரு கம்ப்யூட்டர் படுத்துச்சுன்னா, தான் எழுதினதைத் திறக்க முடியாம அவரே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும்."

வீட்டில் சொன்னபோது மனைவி பயந்துபோனார். "பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல சேர்ந்திருக்கா. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க." அவருக்கும் பயம்தான், வேலை போய்விட்டால் இந்த வயதில் எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்? அதனால் சும்மா இருந்தார். பூட்டைப் போட்டார். தள்ளிப் பார்த்தார், கச்சிதமாக நின்றது. இப்படி ஒரு வேலை கச்சிதமாக அமைந்ததற்காக அவர் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

வாசகம் மட்டும் வரவில்லை. ஒருநாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. எழுதுவார், படிப்பார், அழிப்பார். பிறகு படிப்பதும் நின்றுபோய்விட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா என்று கேட்டார்கள்.

பதிப்பு வெளியாக வேண்டிய நாளன்று காலையில் மேலாளரே வந்துவிட்டார். "ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா? எல்லாரும் இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

பூட்டண்ணா எழுந்து நாற்காலியைக் காட்டினார். "நீங்க எழுதுங்க. நம்ம டாக்டர் படிப்பாருன்னு நினைச்சுக்கிட்டு எழுதுங்க."

மேலாளர் முறைத்தார். பிறகு உட்கார்ந்தார். *மன்னிக்கவும்* என்று தட்டினார். *நீங்கள் சேர்த்து வைத்த* என்று தட்டினார். விரல்கள் நின்றன.

"அப்புறம்?" என்றார் திரும்பாமலே.

"அதுக்கு மேல எனக்கும் வரலை" என்றார் பூட்டண்ணா. காலியாக இருந்த இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.